தனித்தேர்வர்

சே. ம. சூ.
கும்மிடிப்பூண்டி,
4 மார்ச் 1979, ஞாயிறு.

அன்புள்ள அக்கா,

உன் கடைசிக் கடிதம் வந்து இரண்டு வருடமாகிறது. பதில் எழுத உட்கார்ந்து, எழுதாமல் எழுந்து, அப்படியே இரண்டு மாம்பழக் காலம் போய்விட்டது. இன்று எழுதுகிறாள் என்றால் ஏதோ உதவி வேண்டும் போல என்று நினைப்பாய். ஆமாம்.

செசிலிக்குப் பதின்மூன்று முடிந்துவிட்டது. எட்டாம் வகுப்புத் தனித்தேர்வுக்கு விண்ணப்பித்தோம். ஹால் டிக்கெட் வந்திருக்கிறது. சென்டர் திருவள்ளூர். ஏப்ரல் இரண்டாம் தேதியிலிருந்து ஆறு வரை. அந்த ஒரு வாரம் உன் கன்னியர் மடத்து போர்டிங்கில் அவளுக்கு ஒரு பாய் கிடைக்குமா? இங்கிருந்து தினமும் பேசின் பிரிட்ஜில் வண்டி மாறி வந்து பரீட்சை எழுத முடியாது.

கேட்டுவிட்டேன். இனி மற்றதைச் சொல்கிறேன்.

நீ வந்துபோன அந்த மே மாதம் எப்படியோ அப்படியே இருக்கிறோம். மில் குவார்ட்டர்ஸில் அதே இரண்டு அறை. முன் அறை பள்ளிக்கூடம். காலையில் ஜெபம் சொல்லி மணி அடிக்கிறேன். செசிலி ஜன்னலோரம். ராஜு கட்டிலுக்கு அடியில், அங்கே படுத்தால்தான் அவனுக்குக் கணக்கு வருமாம். ஆக்னஸ் என் மடியில். அவனுக்கு ஒன்பது, அவளுக்கு ஆறு.

மதியத்தில் ரோலிங் மில்லில் இரும்பு நீளுகிற சத்தம் கேட்கும். அந்த நேரத்தில் நான் பாடம் சொல்வதில்லை. நாங்கள் நான்கு பேரும் சும்மா கேட்டுக்கொண்டிருப்போம். வெயில் தரையில் ஊர்ந்து பலகையைத் தொடும். பிறகு செசிலியின் கால். பிறகு சுவர். யாரோ தூக்கத்தில் எங்களைப் பார்த்துக்கொண்டிருப்பதுபோல இருக்கும். அவர் விழித்துக்கொண்டால் நாங்கள் இருக்க மாட்டோம் என்பதுபோல.

பழவேற்காட்டிலிருந்து மீன் கொண்டுவருகிற கங்கம்மாள் போன வாரம் வாசலில் கூடையை இறக்கினாள். "இன்னாம்மா, தெனமும் மணி அடிக்கிற. கோயிலா, பள்ளிக்கூடமா? கோயில்னா பிரசாதம் குடு. பள்ளிக்கூடம்னா லீவு வுடு."

ராஜு கட்டிலுக்கு அடியிலிருந்து சொன்னான். "லீவு வுடச் சொல்லு ஆயா."

நீ சொன்னதை நான் மறக்கவில்லை. "இது பள்ளிக்கூடம் இல்லை, பொம்மைக் கல்யாணம்" என்றாய். பிள்ளைகள் எதிரில் சொன்னாய்.

ஒரு மழைக்காலத்துக்கு என்றுதான் தொடங்கினேன் அக்கா. இங்கே பள்ளிக்கூடத்தின் கூரை விழுந்தது. சரிசெய்கிற வரைக்கும் என்று பலகையை எடுத்தேன். கூரையைச் சரிசெய்துவிட்டார்கள். நான் நிறுத்தவில்லை. இதைவிட நல்ல காரணம் என்னிடம் இல்லை.

பாய் கிடைக்குமா என்று எழுது.

பிலோமினா

•

+
திருவள்ளூர்,
9 மார்ச் 1979.

பிலோமினாவுக்கு,

பாய் உண்டு. மதரிடம் கேட்டாயிற்று. மார்ச் 31 சனிக்கிழமை இருட்டுவதற்குள் வரட்டும். தட்டு, தம்ளர், போர்வை. எல்லாவற்றிலும் பெயர் இருக்க வேண்டும்.

இரண்டு வருடத்தை மாம்பழத்தில் சொல்லித் தாண்டிவிட்டாய். இங்கே தபால்காரர் வரும் நேரத்தில் எனக்கு வராந்தாவில் ஏதாவது ஒரு வேலை இருந்துகொண்டே இருந்தது. அவ்வளவுதான். இதற்கு மேல் சொல்லப்போவதில்லை.

பொம்மைக் கல்யாணம் என்று பிள்ளைகள் எதிரில் சொன்னது தப்பு. சொன்ன விஷயம் தப்பில்லை.

நீ டிரெயினிங் முடித்தவள். உனக்குப் பாடம் நடத்த வராது என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. ஆனால் பள்ளிக்கூடத்தில் யாரும் நடத்தாத பாடம் நிறைய இருக்கிறது. மணி அடித்த பிறகும் எழுதினால் தாளைப் பிடுங்குவார்கள். பக்கத்துப் பெண் மை கேட்பாள், கொடுக்கலாமா கூடாதா. தெரியாத ஆள் பெயர் கேட்டால் எவ்வளவு சத்தமாகச் சொல்வது. சொல்லித்தருகிறவள் அம்மாவாக இல்லாத ஒரு அறையில் செசிலி எப்போதாவது உட்கார்ந்திருக்கிறாளா? ஒத்திகை பார்.

இன்னொன்று. பாஸாகிவிட்டால்? ஜூனில் ஒன்பதாம் வகுப்பு. இங்கேதான், இதே போர்டிங்கில். அதையும் யோசித்துத்தான் எழுதினாயா? அல்லது பரீட்சையோடு யோசனையை நிறுத்திவிட்டாயா?

இங்கே ஆண்டுப் பரீட்சை, தவக்காலம், இன்ஸ்பெக்ஷன் எல்லாம் ஒன்றாக வந்திருக்கிறது. சிலுவைப்பாதையில் முழங்காலில் நின்றபடியே தூங்குகிறேன். பிள்ளைகள் பக்தி என்று நினைக்கிறார்கள்.

சிஸ்டர் கிளாரா

•

சே. ம. சூ.
கும்மிடிப்பூண்டி,
25 மார்ச் 1979.

அக்கா,

ஒத்திகை பார்த்தோம். முன் அறையில் எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு ஒரே ஒரு நாற்காலி, ஒரு ஸ்டூல். சூப்பர்வைசர் இவர். ஷிஃப்ட் முடிந்து வந்தவர் காக்கியைக்கூடக் கழற்றாமல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "யாரும் பேசக் கூடாது. அக்கம் பக்கம் பாக்கக் கூடாது. பாத்தா பேப்பர கிழிச்சி கையில குடுத்துடுவேன்." நாற்காலியை இரண்டு சுற்று சுற்றினார். மூன்றாவது சுற்றில் சுவரில் சாய்ந்தார். நின்றபடியே தூங்கிவிட்டார். உங்கள் இரண்டு பேருக்கும் இதில் நல்ல ஒற்றுமை.

செசிலி எழுந்தாள். மேஜை விசிறியை அவர் பக்கம் திருப்பினாள். மறுபடி உட்கார்ந்து எழுதினாள்.

"பரீட்சை நடக்கும்போது எழுந்திருக்கக் கூடாதுடி."

"நைனாவுக்கு வேர்க்குது" என்றாள்.

இதற்கு எத்தனை மார்க் குறைப்பார்கள்?

இங்கேயும் எல்லாம் ஒன்றாகத்தான். ஆக்னஸுக்குப் பாஸ்காத் திருநாள் முடிந்து புதுநன்மை, முதல் தடவை நற்கருணை வாங்கப்போகிறாள். வெள்ளை கவுன் தைக்கிறேன். ராஜுவுக்கு வருட முடிவுப் பரீட்சை. கேள்வித்தாளை நான் ஒளிக்கிறேன், அவன் தேடுகிறான். வெள்ளிக்கிழமையானால் பழைய காலண்டர் தாள்களைச் சுவரில் ஒட்டி வீட்டுக்குள்ளேயே சிலுவைப்பாதை. வாசலில் வேப்பம்பூ கொட்டுகிறது. அதன்மேல் மில்லின் கரி. பெருக்கிக் குவித்தால் சாம்பல் புதன் இன்னும் முடியவில்லை என்று தோன்றுகிறது. வெள்ளிக்கிழமையில் நாங்கள் இறைச்சிதான் தொடமாட்டோம், மீன் உண்டு என்று கங்கம்மாளுக்குத் தெரிந்துவிட்டது. "நல்ல சாமி ஒங்க சாமி. யாவாரத்த கெடுக்கல" என்கிறாள்.

நீ கேட்டதை இவரும் கேட்டார். "பாஸாயிட்டா இன்னா பண்ணுவ?"

"போவாள்."

"நீ இன்னா பண்ணுவ?"

நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நா ஒன்ன கேட்டேன் பிலோ. சொவத்த கேக்கல."

பரீட்சையோடுதான் நிறுத்திவிட்டேன் அக்கா. அதற்கு அப்பால் யோசனை போகவில்லை. நேற்று ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தபோது, மூன்றாவது பத்தில், அவள் ஃபெயிலாகிவிட்டால் என்று ஒரு நினைப்பு வந்தது. பயமாக இல்லை. இனிப்பாக இருந்தது. வாயில் கற்கண்டு கரைவதுபோல. பாத்திரம் கழுவும்போதும் இருந்தது. சாமியாரிடம் சொன்னால் மூன்று அருள்நிறை மந்திரம் சொல்லச் சொல்வார். உன்னிடம் சொல்கிறேன்.

சனிக்கிழமை இவர்தான் கூட்டிவருகிறார். நான் வரவில்லை.

பிலோ

•

+
திருவள்ளூர்,
4 ஏப்ரல் 1979, புதன்.

பிலோ,

உட்கார்ந்து படி.

திங்கட்கிழமை தமிழ். நன்றாக எழுதினேன் என்று வந்தாள். மாலையில் பரீட்சை மையத்திலிருந்து எனக்கு ஆள் வந்தது. போனேன். செசிலி ஒவ்வொரு தாளின் தலையிலும் ஒரு சிலுவை போட்டு, அதன் கீழே சே. ம. சூ. என்று எழுதியிருக்கிறாள்.

விடைத்தாளில் நம்பரைத் தவிர எந்த அடையாளமும் இருக்கக் கூடாது. திருத்துகிறவருக்குக் காட்டுகிற குறி என்று எடுத்துக்கொள்வார்கள். "இது யாரோட இனிஷியல்?" என்று சூப்பர்வைசர் கேட்டிருக்கிறார். "மூணு பேரோடது சார்" என்றாளாம் உன் பெண். "சேசு, மரி, சூசை."

முன் வரிசையில் ஒரு பெண் பிள்ளையார் சுழி போட்டிருந்தாள். அதையும் அடிக்கச் சொன்னார். அவள் ஒரு கோடு இழுத்துவிட்டு எழுதப் போய்விட்டாள். செசிலி அடிக்கவில்லை. "அத எப்படி சார் அடிக்கிறது?" என்று கேட்டிருக்கிறாள். திமிராக இல்லை, அவருக்கு வழி தெரியுமா என்று கேட்பதுபோலத்தான் கேட்டாள் என்று அவரே சொன்னார். இருந்தாலும் குறிப்பு எழுதிவிட்டார்.

எங்கள் பிள்ளைகளும் நோட்டில் இப்படித்தான் எழுதுகிறார்கள். இந்தக் கடிதத்தின் மேலே நானே சிலுவை போட்டிருக்கிறேன். அரசாங்கப் பரீட்சையில் போடாதே என்று அவர்களில் யாருக்கும் நான் சொல்லிக்கொடுத்ததில்லை. ஒன்றைப் பார்த்து ஒன்று தெரிந்துகொள்ளும். செசிலிக்குப் பார்க்க யாரும் இல்லை. இதைத்தான் பிலோ, அன்றைக்கு நான் மோசமான வார்த்தையில் சொன்னேன்.

இன்று கணக்கு. தாள் கொடுத்து வெகு நேரம் எழுதாமலே உட்கார்ந்திருந்தாளாம். வந்து என்னிடம் கேட்டாள். "வெறும் தாள்ல எப்படி ஆரம்பிக்கிறது பெரியம்மா?" அப்புறம் எப்படி ஆரம்பித்தாய் என்றேன். பேனாவை வைத்துவிட்டு விரலால் எழுதினாளாம். மையில்லாமல். ஒவ்வொரு தாளிலும்.

போர்டிங் பிள்ளைகள் எல்லாரும் இருக்கும்போதுதான் பெரியம்மா என்று கூப்பிட்டாள். எனக்குத் தங்கை உண்டு என்பதே அவர்களுக்குத் தெரியாது. பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

இப்போது செய்ய வேண்டியது. மைய மேலாளர் செங்கல்வராயன் நல்ல மனிதர். தமிழ்த் தாளைத் தனி உறையில், விளக்கத்தோடு அனுப்புகிறேன் என்கிறார். அதற்குச் செசிலிக்குப் பாடம் சொன்ன ஆசிரியர் கையெழுத்துப் போட்ட கடிதம் வேண்டும். இது எழுதப் பழகின நாளிலிருந்து வந்த பழக்கம், யாருக்கும் காட்டிய குறி அல்ல என்று. பெரிய வியாழனுக்குள், அதாவது 12ஆம் தேதிக்குள், அவர் கையில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் தமிழ் ரத்து. ஒன்று போனால் முழுப் பரீட்சையும் போனது.

ஆசிரியர் என்றால் நீதான். உடனே அனுப்பு.

சிஸ்டர் கிளாரா

•

+
திருவள்ளூர்,
9 ஏப்ரல் 1979.

பிலோ,

செசிலி சனிக்கிழமையே வீடு வந்திருப்பாள். இன்றைய தபாலிலும் உன் கடிதம் இல்லை. வியாழனுக்குப் பிறகு அலுவலகம் திறக்கப் பாஸ்கா முடிய வேண்டும். அதற்குள் தாள்கள் போய்விடும்.

மூன்றாவது பத்தில் நீ நினைத்ததை நான் யாரிடமும் சொல்லவில்லை. ஜெபத்தில்கூட.

அனுப்பு.

அக்கா

•

கும்மிடிப்பூண்டி,
11 ஏப்ரல் 1979, புதன்.

அக்கா,

இதை இவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். தபால் இனிப் போய்ச் சேராது. ஷிஃப்டை யாரிடமோ மாற்றிக்கொண்டு காலை வண்டிக்குக் கிளம்புகிறார். "இன்னா பேஜாரு பண்ற பிலோ" என்று ஒரே ஒரு தடவை சொன்னார்.

இந்தக் கடிதத்தில் மேலே எதுவும் எழுதவில்லை, பார். கை அங்கேதான் போனது. வெறும் தாளில் எப்படித்தான் ஆரம்பிப்பது என்று எனக்கும் தெரிய வேண்டியிருந்தது. கஷ்டமாக இருக்கிறது. குளிக்காமல் கோயிலுக்குள் நுழைந்ததுபோல.

நீ கேட்ட கடிதத்தை வெள்ளிக்கிழமையே எழுதிவிட்டேன். தபாலில் சேர்க்கவில்லை. ஆக்னஸின் கவுனைத் தைத்தேன். பிரித்தேன். மறுபடி தைத்தேன். தபால்பெட்டி இருக்கிற தெரு வழியாகவே இரண்டு முறை அரிசிக்குப் போய்வந்தேன். கடிதம் வீட்டில் இருந்தது.

செசிலி வந்த அன்று மதியம் மில் சத்தம் கேட்டுக்கொண்டு எல்லாரும் உட்கார்ந்திருந்தோம். "இங்க ரொம்ப அமைதியா இருக்குதும்மா" என்றாள். குறையாகச் சொல்லவில்லை. மழை வரும்போல இருக்கிறது என்று சொல்வார்களே, அப்படி. சாப்பிடத் தட்டை எடுத்தவள் நேரே அடுப்பங்கரைக்கு வரவில்லை. ராஜுவுக்குப் பின்னால் போய் நின்றாள். வரிசை. ராஜு திரும்பிப் பார்த்து, "நீ இன்னாத்துக்கு என் முதுக மோந்துகினு நிக்கிற?" என்றான். அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

குருத்து ஞாயிற்று ஓலையில் சிலுவை மடித்தாள். நான் சொல்லித்தந்த மடிப்பு இல்லை. போர்டிங்கில் பக்கத்துப் பாயில் படுத்த செல்வி என்கிற பெண் காட்டினாளாம். என்னுடையதைவிட நன்றாக நிற்கிறது. நான்கு பக்கமும் அவிழவில்லை.

திங்கட்கிழமை கங்கம்மாள் கேட்டாள். "பொண்ணு வந்துட்ச்சா? பாஸா, பெயிலா?"

"இன்னும் தெரியாது."

"தெரியாதுன்றத ஏன் இப்டி திருடி மாதிரி சொல்ற?"

அவளுக்கு எப்படித் தெரிந்தது? மீனின் கண்ணைப் பார்த்துப் பழகியவள்.

நேற்றுத்தான் செசிலி கேட்டாள். "பெரியம்மா ஒரு லெட்டர் கேட்டாங்களே. அனுப்பிட்டியாம்மா?"

"நாளைக்கு" என்றேன்.

"சரி" என்று படிக்கப் போய்விட்டாள். மறுபடி கேட்கவில்லை. முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. எனக்கு அதுதான் தாங்கவில்லை. நான் சொன்ன எதையும் அவள் இதுவரை வேறு எங்கேயும் போய்ச் சரிபார்த்ததில்லை. பூமி சுற்றுகிறது என்றேன். சரி. மூன்று ஆட்களில் ஒரே கடவுள் என்றேன். சரி. நாளைக்கு என்றேன். சரி.

நான் பொய் சொல்லலாம், அது பாடமாகிவிடும். இப்படி ஒரு இடத்தில் யாரையும் உட்கார வைக்கக் கூடாது அக்கா. அவளையும் வைக்கக் கூடாது, என்னையும் வைக்கக் கூடாது.

வெள்ளிக்கிழமை எழுதியதைக் கிழித்துவிட்டேன். அதில் நிறையக் கெஞ்சியிருந்தேன். புதியது இத்துடன் இருக்கிறது. ஒட்டவில்லை. நீ படித்துப் பார்த்துவிட்டுச் செங்கல்வராயன் சாரிடம் கொடு. உனக்காக இங்கேயும் எழுதுகிறேன்:

"செசிலி என் மாணவி. எழுதத் தொடங்கும் முன் தாளின் மேல் சிலுவையிட்டு இந்த மூன்று எழுத்தை எழுதும்படி அவளுக்கு நான் பழக்கினேன். தேர்வுத் தாளில் எழுதக் கூடாது என்று நான் சொல்லித்தரவில்லை. எனக்கே அது தோன்றவில்லை. தாளில் உள்ள மற்ற எல்லாம் அவளுடையவை. அந்த மூன்று எழுத்து மட்டும் என்னுடையது. அதற்கு மதிப்பெண் வேண்டாம்."

கீழே பெயர் எழுதி, பெயருக்குக் கீழே ஆசிரியர் என்று எழுதினேன். டிரெயினிங் முடித்து இத்தனை வருடத்தில் இதுதான் முதல் தடவை. எழுதிவிட்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். வேலையில் சேர்ந்த அன்றே ஓய்வு பெற்றவள் மாதிரி இருந்தது.

இவர் செருப்பைப் போட்டுவிட்டார்.

பிலோ

•

+
திருவள்ளூர்,
30 மே 1979.

பிலோ,

பாஸ். தமிழில்தான் எல்லாவற்றையும்விட அதிகம்.

செங்கல்வராயன் அன்று உன் கடிதத்தை என் எதிரிலேயே படித்தார். உறையில் போடுவதற்கு முன் இன்னொரு தடவை படித்தார். "இந்த அம்மா எந்த ஸ்கூல்?" என்று கேட்டார். கும்மிடிப்பூண்டி என்று மட்டும் சொன்னேன். ஊரில் எந்தப் பள்ளி என்று அவர் கேட்கவில்லை.

ஜூன் 11 திங்கட்கிழமை பள்ளி திறக்கிறது. ஞாயிறே வந்துவிட வேண்டும். இந்தத் தடவையும் சாலமோனை அனுப்பாதே. நீ கொண்டுவந்து விடு. உன்னைப் பார்த்து இரண்டு வருடமாயிற்று என்பதை நான் எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன்.

ராஜுவைப் பற்றியும் ஆக்னஸைப் பற்றியும் நான் எதுவும் சொல்லப்போவதில்லை. எவ்வளவு கஷ்டப்பட்டுச் சொல்லாமல் இருக்கிறேன் என்பதை நீ தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

ஆக்னஸின் புதுநன்மைப் படம் கிடைத்தது. கவுன் தைத்த விதம் நன்றாக இருக்கிறது. இடது கை மட்டும் கொஞ்சம் நீளம்.

அக்கா

•

சே. ம. சூ.
கும்மிடிப்பூண்டி,
12 ஜூன் 1979.

அக்கா,

வந்து சேர்ந்தேன்.

உன்னிடம் பேச நிறைய வைத்திருந்தேன். மடத்துப் பார்லரில் டீ ஆறிக்கொண்டிருந்தது. நீ என் புடவை முந்தானையில் ஒட்டியிருந்த ரயில் கரியைத் தட்டிக்கொண்டே இருந்தாய். அது போகவில்லை, போன பிறகும் தட்டினாய். அதுவே போதும் என்று தோன்றியது. மற்றதைப் பிறகு எழுதிக்கொள்ளலாம்.

நீ உள்ளே போன பிறகும் நான் கேட்டில் கொஞ்ச நேரம் நின்றேன். செசிலி திரும்பிப் பார்ப்பாள் என்று நினைத்தேன். அந்தச் செல்வி ஓடிவந்து பெட்டியின் ஒரு பக்கத்தைப் பிடித்தாள். செசிலி திரும்பினாள். எனக்காக இல்லை. மறுபக்கத்தைப் பிடிக்க. பெட்டி இரண்டு பேருக்கு நடுவில் ஆடிக்கொண்டே போனது. ஒருத்தி ஏதோ சொல்ல, ஒருத்தி சிரித்தாள். எந்தச் சிரிப்பு என் பெண்ணுடையது என்று தூரத்திலிருந்து எனக்குத் தெரியவில்லை.

வண்டியில் எனக்குப் பக்கத்தில் இடம் இருந்தது. யாராவது வந்து "ஆள் இருக்குதா?" என்று கேட்டபோதெல்லாம் யோசித்துத்தான் இல்லை என்றேன். பேசின் பிரிட்ஜைத் தாண்டியதும் மழை. இந்த வருடத்தின் முதல் மழை. ஜன்னலை யாரும் மூடவில்லை. வெளியே தண்ணீர் தேங்கிய வயல்கள், கொக்கு, சிமெண்டுக் குழாய்கள், ஒரு புகைபோக்கி, மறுபடி தண்ணீர். வண்டி எதன்மேலும் தொடாமல் போவதுபோல இருந்தது. இறங்க வேண்டிய இடம் வந்ததும் ஆச்சரியமாக இருந்தது, அது இன்னும் அங்கேயே இருந்ததற்கு.

இவர் குடையோடு நின்றார். "உட்டுட்டு வந்துட்டியா?" என்றார். தலையாட்டினேன். "நல்லா படிக்கும். ஒன் பொண்ணு இல்ல?" என்று குடையை முழுக்க என் பக்கம் சாய்த்துவிட்டு நனைந்தபடி வந்தார்.

இன்று காலை ராஜு கேட்டான். "அடுத்தது நானாம்மா?"

"எதுக்கு?"

"போறதுக்கு."

உனக்கு என்று யாரும் தேதி வைக்கவில்லை, கேட்கத் தோன்றினால் கேள், நான் பதில் சொல்கிறேன் என்றேன். "சரி" என்றான். உடனே, "நெஜமாவா?" என்றான். அந்த இரண்டாவது கேள்வி எனக்குப் பிடித்திருந்தது.

ஒரே ஒரு வேண்டுகோள் அக்கா. ஞாயிறு மதியம் போர்டிங்கில் எல்லாப் பிள்ளைகளையும் வீட்டுக்குக் கடிதம் எழுத உட்கார வைப்பாய். இந்த முதல் மாதம் செசிலியை விட்டுவிடு. அவள் எனக்கு எழுத வேண்டாம்.

வந்தால் நான் பேனாவைத் தேடுவேன். விட்டுப்போன ஒற்றுக்கெல்லாம் வட்டம் போடுவேன். ஓரத்தில் நன்று என்று எழுதி, தேதி போட்டு, அவளுக்கே திருப்பி அனுப்பிவிடுவேன். அவள் எழுத்தை வேறு எப்படியும் நான் படித்ததில்லை.

கொஞ்ச நாள் கொடு. எனக்கு வந்த கடிதமாகப் படிக்கக் கற்றுக்கொண்டதும் சொல்கிறேன்.

பிலோ